துன்புறுவோரிடம் கற்க மறுத்த இறையியல்: கத்தோலிக்கத் திருச்சபையும் இனவெறியும்

1838ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து இயேசு சபையினர், தங்கள் தோட்டங்களில் அடிமைகளாக வைத்திருந்த 272 பேரை லூசியானாவின் தோட்ட முதலாளிகளுக்கு விற்றார்கள். விலை 1,15,000 டாலர். அதில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் போனது. விற்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். விற்ற சபையின் குருக்களிடமே திருமுழுக்குப் பெற்றவர்கள், அவர்கள் கையிலேயே நற்கருணை வாங்கியவர்கள். ரோமிலிருந்த சபைத் தலைவர் யான் ரூத்தான் விற்பனைக்கு ஒப்புதல் தந்தபோது சில நிபந்தனைகள் விதித்திருந்தார். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது. போகுமிடத்தில் வழிபாட்டுக்கு வசதி வேண்டும். வரும் பணத்தைக் கடனடைக்கச் செலவிடக் கூடாது. அவை காப்பாற்றப்படவில்லை. காப்பாற்றப்பட்டிருந்தாலும், ஞானஸ்நானம் பெற்ற ஒரு மனிதரை இன்னொருவர் விற்கலாமா என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இடம்பெறவே இல்லை.

இந்த வரலாற்றைக் கேட்டதும் கத்தோலிக்கர் பலர் ஒரு பதில் சொல்வார்கள்: எல்லா மனிதரும் கடவுளின் சாயல் என்பதே திருச்சபையின் போதனை, தவறியவர்கள் தனிமனிதர்கள், போதனையில் குறையில்லை. எதிர்த்தரப்பின் பதிலும் இதே அளவு சுருக்கமானது: அடிமை வணிகத்துக்கு ஆசி வழங்கிய நிறுவனத்திடம் நீதியைப் பற்றிக் கேட்டறிய ஒன்றுமில்லை. இரண்டு பதில்களும் வரலாற்றைப் பாதிதான் படிக்கின்றன. ஐந்தரை நூற்றாண்டு ஆவணங்களையும் வாழ்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சமத்துவத்தைச் சொல்லும் கோட்பாடு எப்போதும் கையிலிருந்தது. ஒடுக்கப்பட்டவர்கள் அதை எடுத்துப் பேசியபோதெல்லாம் அவர்களை இறையியலராக மதிக்கவில்லை. இரக்கத்துக்கும் மறைப்பணிக்கும் உரியவர்களாகவே வைத்திருந்தார்கள். கறுப்பினத்தவருக்குக் கற்றுக்கொடுக்கலாம், அவர்களிடம் கற்க ஒன்றுமில்லை என்ற அந்த முடிவுதான் கத்தோலிக்க இறையியலின் அடிப்படைப் பிழை என்று நினைக்கிறேன். அந்தப் பிழை எப்படி நிலைபெற்றது, யார் அதை உடைத்தார்கள், உடைத்த பிறகும் எது மாறவில்லை என்பதை இங்கே பார்க்கலாம்.

ஆவணங்களும் அவற்றைப் படித்த விதமும்

1452இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் போர்ச்சுகல் மன்னர் ஐந்தாம் அஃபோன்சோவுக்கு ஓர் ஆணை வழங்கினார். சரசேனியரையும் கிறிஸ்தவர் அல்லாத பிறரையும் வென்று நிரந்தர அடிமைத்தனத்துக்கு உட்படுத்தும் உரிமையை அது தந்தது. 1455இன் ஆணை அதை உறுதிசெய்து, மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் போர்ச்சுகலின் ஆதிக்கத்துக்கு அங்கீகாரம் அளித்தது. 1537இல் மூன்றாம் பவுல் எதிர்த்திசையில் பேசினார்: அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகளும் இனி அறியப்படப்போகும் எந்த மக்களும் உண்மையான மனிதர்கள், அவர்களது சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கக் கூடாது. ஆனால் இதை மீறுவோருக்கான தண்டனை ஆணையை, ஸ்பெயின் மன்னரின் அழுத்தத்தால் மறு ஆண்டே அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அக்காலத்து இறையியலர்கள் அடிமைமுறையை மொத்தமாக ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ‘நியாயமான உரிமை’ என்றொரு கருத்தை வைத்து அளந்தார்கள். நியாயமான போரில் பிடிபட்டவரையோ, குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரையோ, வறுமையில் தன்னையே விற்றவரையோ, அடிமைத் தாய்க்குப் பிறந்தவரையோ அடிமையாக வைத்திருக்கலாம் என்பது அவர்களின் கணக்கு. கார்த்தஹேனா துறைமுகத்தில் பணியாற்றிய இயேசு சபைக் குரு அலோன்சோ தெ சான்டோவால், கப்பலில் வந்திறங்கும் ஆப்பிரிக்கர்கள் முறைப்படிதான் அடிமைகளாக்கப்பட்டார்களா என்று மனம் உறுத்தி, லுவாண்டாவிலிருந்த சபைக் கல்லூரித் தலைவர் லூயிஸ் பிராண்டாவோவுக்கு எழுதிக் கேட்டார். 1610இல் பதில் வந்தது: கற்றறிந்தவர்கள் எவரும் இதைக் குற்றமாகக் கருதவில்லை, நம் சபைத் தந்தையரே பணிக்காக அடிமைகளை வாங்குகிறார்கள், கவலை வேண்டாம். சிக்கல் இந்தப் பதிலிலேயே அடங்கியிருக்கிறது. முறைப்படி நடந்ததா என்று குருக்களும் வணிகர்களும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். சங்கிலியில் கட்டப்பட்டு வந்தவரின் வாக்குமூலம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

அந்த வாக்குமூலத்தைக் கேட்டவர்களும் இருந்தார்கள். 1680களின் தொடக்கத்தில் ஹவானாவில் இரண்டு கப்புச்சின் துறவியர், பிரான்சிஸ்கோ ஹோசே தெ ஹாக்காவும் எபிஃபானியோ தெ மோயிரான்ஸும், ஆப்பிரிக்கர்களை அடிமையாக வைத்திருக்க எவருக்கும் உரிமையில்லை என்று போதித்தார்கள். விடுதலை மட்டும் போதாது, அவர்கள் உழைத்த காலத்துக்குக் கூலியும் தர வேண்டும் என்றார்கள். அதற்காகச் சிறைவைக்கப்பட்டார்கள். அதே ஆண்டுகளில் அங்கோலாவின் அரச வம்சத்தைச் சேர்ந்த லோரென்சோ தா சில்வா மென்டோன்சா ரோம் வரை சென்று, அடிமை வணிகத்தின் கொடுமைகளை விவரித்துத் திருத்தந்தை பதினோராம் இன்னசென்ட்டிடம் 1684இல் மனு கொடுத்தார். 1686இல் திருப்பீடத்தின் விசுவாச விசாரணை அமைப்பு, வன்முறையாலும் வஞ்சகத்தாலும் பிடிக்கப்பட்டவர்களை வாங்குவதும் விற்பதும் தகாது, அவர்களுக்கு ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஓர் ஆப்பிரிக்கரின் வாதம் ரோமில் வென்றது. செயல்படுத்த யாரும் முன்வராததால் தீர்ப்பு ஏட்டில் உறங்கியது. ‘அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்’ என்ற சமாதானம் இந்த ஆவணத்தின் முன் நிற்காது.

1839இல் பதினாறாம் கிரகோரி அடிமை வணிகத்தைக் கண்டித்து, அதை ஆதரித்துப் பேசுவதையும் தடைசெய்தார். அமெரிக்காவில் அந்த மடல் எப்படிப் படிக்கப்பட்டது என்பதே ஒரு தனிப் பாடம். சார்ல்ஸ்டன் ஆயர் ஜான் இங்லண்ட், அன்றைய வெளியுறவுச் செயலர் ஜான் ஃபோர்சைத்துக்குத் தொடர் கடிதங்கள் எழுதி, திருத்தந்தை கண்டித்தது கடல்கடந்த வணிகத்தைத்தான், தென்மாநிலங்களின் உள்நாட்டு அடிமைமுறையை அல்ல என்று விளக்கமளித்தார். பிலடெல்ஃபியாவின் பிரான்சிஸ் கென்ரிக் 1840களில் வெளியிட்ட ஒழுக்க இறையியல் நூல் இன்னும் நுட்பமாகச் சென்றது. மூதாதையர் அநியாயமாகக் கொண்டுவரப்பட்டார்கள் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் நெடுங்காலம் கடந்ததால் உரிமையிலிருந்த குறை நீங்கிவிட்டது, நாட்டின் சட்டத்தை மீறக் கூடாது என்று முடித்தது. இழைக்கப்பட்ட அநீதி பழகிப்போனதே அதற்கு நியாயமாகிவிட்டது. 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று எழுதிய தலைமை நீதிபதி ரோஜர் டேனி ஒரு கத்தோலிக்கர். 1866இலும்கூட, எத்தியோப்பியாவிலிருந்து வந்த கேள்விக்குப் பதிலளித்த ரோம், அடிமைமுறை இயற்கைச் சட்டத்துக்கு முற்றிலும் முரணானது அல்ல என்றது. 1888இல் பதின்மூன்றாம் லியோ பிரேசில் ஆயர்களுக்கு எழுதியபோதுதான் தொனி தெளிவாக மாறியது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அடிமைத்தனத்தை மனித மாண்புக்கு எதிரான இழிசெயல்களின் வரிசையில் வைத்தது.

பீடத்தின் பின்வரிசையில் ஒரு திருச்சபை

கறுப்பினக் கத்தோலிக்கர்களின் வரலாறு துன்பக்கதை மட்டுமல்ல. அதுவே ஓர் இறையியல் செயல்பாடு. 1829இல், அடிமைமுறை சட்டப்படி நிலவிய பால்டிமோரில், கியூபாவிலிருந்து வந்த மேரி எலிசபெத் லாங்கே ஒரு துறவு சபையைத் தொடங்கினார். கறுப்பினப் பெண்களை வெள்ளையர் சபைகள் ஏற்காத காலம் அது. 1842இல் நியூ ஆர்லியன்ஸில் ஹென்ரியெட் டெலில் இன்னொரு சபையை நிறுவினார். கறுப்பினப் பெண்ணின் உடல் பிறர் சொத்தாகக் கருதப்பட்ட சமூகத்தில், ‘இந்த உடல் கடவுளுக்கு அர்ப்பணம்’ என்று உறுதிமொழி எடுப்பதே அடிமைச் சட்டத்தை மறுப்பதாகும். இந்த அருட்சகோதரிகளின் எதிர்ப்பு மரபை வரலாற்றாசிரியர் ஷானன் டீ வில்லியம்ஸ் 2022இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆண்களுக்கும் கதவு எளிதில் திறக்கவில்லை. 1854இல் மிசூரியில் அடிமையாகப் பிறந்த அகஸ்டஸ் டோல்ட்டனை அமெரிக்காவின் எந்தக் குருமடமும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் ரோமில் படித்து 1886இல் அங்கேயே குருவானார். அவருக்கு முன்பே குருக்களான ஹீலி சகோதரர்களில் ஒருவர் 1875இல் ஆயராகவும் இன்னொருவர் 1874இல் ஜார்ஜ்டவுன் தலைவராகவும் ஆகியிருந்தார்கள். தாய் அடிமையாக இருந்தவர். தந்தை ஐரிஷ் குடியேறி. தந்தைவழி அடையாளத்தில் வாழ்ந்ததால்தான் அவர்களுக்கு அந்த இடங்கள் கிடைத்தன. திருநிலைப்பாட்டுக்குத் தகுதி அருளழைப்பில் இருக்கிறது என்று இறையியல் சொன்னது. நடைமுறையில் அது தோலின் நிறத்தில் இருந்தது.

பொதுநிலையினரில் பத்திரிகையாளர் டேனியல் ரட் 1889இல் வாஷிங்டனில் கறுப்பினக் கத்தோலிக்கர் மாநாட்டைக் கூட்டினார். டோல்ட்டன் திருப்பலி நிறைவேற்றினார். 1894 வரை ஐந்து மாநாடுகள் நடந்தன. பள்ளி, தொழிற்சங்கம், பங்குகளில் நிலவும் பாகுபாடு என்று அவர்கள் பேசியவை யாவும் திருச்சபையின் சொந்த நம்பிக்கையிலிருந்தே எழுந்தவை: எல்லா இனத்தாருக்கும் தாயாக இருப்பதுதான் கத்தோலிக்கம் என்றால், அப்படி இருந்து காட்டுங்கள். ஆறாவது மாநாடு நடக்க 1987 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில் நியூ ஆர்லியன்ஸ் போன்ற இடங்களில் கறுப்பினத்தவர் கடைசி வரிசையில் அமர்ந்து, வெள்ளையர் எல்லோரும் வாங்கிய பின்னரே நற்கருணை பெற்றார்கள். ஒரே அப்பத்தில் பங்குகொள்வதால் ஒரே உடலாகிறோம் என்று போதித்த சடங்கே மனிதரைத் தரம்பிரித்துக் காட்டியது.

நல்லிணக்கமா, நீதியா?

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஒரு பிளவு நேர்ந்தது. பின்னர் வந்த விவாதங்கள் எல்லாவற்றுக்கும் அது முன்மாதிரி. தாவரவியல் பேராசிரியர் தாமஸ் வயட் டர்னர், 1920களின் நடுவில் கறுப்பினக் கத்தோலிக்கர் கூட்டமைப்பை உருவாக்கினார். கறுப்பினக் குருக்கள் வேண்டும், கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் கறுப்பினத்தவருக்குக் கதவு திறக்க வேண்டும், பாகுபாடு ஒழிய வேண்டும் என்பவை அதன் கோரிக்கைகள், வழிநடத்தியவர்களும் கறுப்பினத்தவர். இயேசு சபைக் குருக்கள் வில்லியம் மார்க்கோவும் ஜான் லஃபார்ஜும் அதற்குத் துணைநின்றார்கள். ஆனால் அமைப்பு இரு இனத்தாரின் நல்லுறவுக்கானதாக மாற வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். 1932இல் டர்னர் தலைமையிலிருந்து இறக்கப்பட்டார். இரண்டு குருக்களும் இனவெறியை உண்மையாகவே வெறுத்தவர்கள். எனினும் பாதிக்கப்பட்டவர் தம் அமைப்பைத் தாமே நடத்துவதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. நல்லெண்ணம் மிக்க ஆதரவாளரே குரலை எடுத்துக்கொள்ளும் இந்தப் போக்கு, வெளிப்படையான பகைமையைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது.

லஃபார்ஜின் பெயர் இன்னொரு வரலாற்றிலும் வருகிறது. இனங்களுக்கிடையிலான நீதி பற்றி 1937இல் அவர் எழுதிய நூலைப் படித்த பதினோராம் பயஸ், 1938 ஜூனில் அவரை அழைத்து இனவாதத்தைக் கண்டிக்கும் சுற்றுமடலின் வரைவை எழுதச் சொன்னார். நாத்சிக் கொள்கையைக் கண்டித்து ஜெர்மன் மொழியில் மடல் வெளியிட்டிருந்த திருத்தந்தை அவர். மானுட இனத்தின் ஒருமைப்பாட்டைப் பேசிய வரைவு தயாரானது. ஆனால் 1939 பிப்ரவரியில் அவர் காலமானார், மடல் வெளிவரவில்லை. பிற்காலத்தில் வெளிச்சத்துக்கு வந்த அந்த வரைவு, இனவாதத்தைக் கடுமையாகச் சாடும் அதே பக்கங்களில் யூதர்களைப் பற்றிய பழைய சமயக் காழ்ப்பையும் சுமந்திருந்தது. பாதிக்கப்படுபவர் இல்லாத அறையில் எழுதப்படும் கண்டனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது சாட்சி.

துணிந்து செயல்பட்ட ஆயர்கள் இல்லாமல் இல்லை. 1947இல் செயின்ட் லூயிஸ் பேராயர் ஜோசப் ரிட்டர், பள்ளிகளில் இனப்பிரிவினையைத் தடைசெய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு ஏழு ஆண்டுகள் முன்பே, தம் பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்தார். எதிர்த்து வழக்குத் தொடர முயன்றோரை, சபைவிலக்கத்துக்கு ஆளாவீர்கள் என்று எச்சரித்தார். நியூ ஆர்லியன்ஸ் பேராயர் ஜோசப் ரம்மல் 1956இல் இனப்பிரிவினை பாவம் என்று மடல் எழுதி, 1962இல் பள்ளி இணைப்பை எதிர்த்த மூவரைச் சபைவிலக்கம் செய்தார். தென்னாப்பிரிக்க ஆயர்கள் 1957இல் நிறவெறிக் கொள்கையின் அடிப்படையே தன்னளவில் தீயது என்று அறிவித்தார்கள். கொள்கையளவில் கண்டிப்பதற்கும் தண்டனையளவில் நடவடிக்கை எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ரிட்டரும் ரம்மலும் உணர்ந்திருந்தார்கள்.

1968: பேச்சு இடம் மாறுகிறது

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட இரண்டே வாரங்களுக்குள், 1968 ஏப்ரலில், கறுப்பினக் குருக்கள் டெட்ராயிட்டில் கூடினார்கள். அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபை அடிப்படையில் வெள்ளை இனவாத நிறுவனம் என்று அவர்களது அறிக்கை தொடங்கியது. உள்ளிருப்பவர்கள், திருப்பலி நிறைவேற்றுபவர்கள் சொன்ன வாக்கியம் அது. அதே ஆண்டு கறுப்பின அருட்சகோதரியரும் தங்கள் தேசிய மாநாட்டைத் தொடங்கினார்கள். கறுப்பினத்தவர்க்குச் செய்யும் பணியைப் பற்றி இனிப் பேச வேண்டாம். கறுப்பினத்தவர் திருச்சபையாக இருப்பதைப் பற்றிப் பேசுவோம் என்பதே இரு தரப்பின் செய்தியும்.

மறு ஆண்டு, மெதடிஸ்ட் மரபிலிருந்து வந்த ஜேம்ஸ் கோன் கறுப்பின இறையியலின் முதல் நூலை வெளியிட்டார். கடவுள் ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறார் என்றால் அமெரிக்காவில் கிறிஸ்து கறுப்பர் என்றே சொல்ல வேண்டும் என்றார். 2011இல் வெளிவந்த ‘சிலுவையும் கும்பல்கொலை மரமும்’ என்ற பொருள்படும் நூலில் அவர் வைத்த கேள்வி மேலும் கூர்மையானது. 1877க்கும் 1950க்கும் இடையில் 4,400க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் கும்பல்களால் கொல்லப்பட்டதை மான்ட்கமரியிலுள்ள சமநீதி அமைப்பு ஆவணப்படுத்தியிருக்கிறது. கோயிலில் ஒவ்வொரு ஞாயிறும் சிலுவையை உற்றுநோக்கியவர்கள், ஊருக்கு வெளியே மரத்தில் தொங்கிய உடலில் ஏன் அதே காட்சியைக் காணவில்லை? வெள்ளை இறையியலரின் மிகப்பெரிய பாவம் இந்த மௌனம் என்றார் கோன். கத்தோலிக்க இறையியலரையும் அவர் விட்டுவைக்கவில்லை. லத்தீன் அமெரிக்க விடுதலை இறையியலை ஆர்வத்தோடு வரவேற்றவர்கள், தம் தெருவில் இருந்த கறுப்பின இறையியலை ஏன் படிக்கவில்லை என்று கேட்டார். ‘தியாலஜிகல் ஸ்டடீஸ்’ ஆய்விதழ் 2000 டிசம்பரில்தான் இதற்கென்று ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. கோனின் முதல் நூலுக்கும் அதற்கும் இடையே 31 ஆண்டுகள்.

அதற்குள் கறுப்பினக் கத்தோலிக்கர் தமக்கான அறிவுக்களங்களை அமைத்துக்கொண்டார்கள். 1978இல் பால்டிமோரில் கறுப்பினக் கத்தோலிக்க இறையியல் கருத்தரங்கு முதன்முறையாகக் கூடியது. 1980இல் நியூ ஆர்லியன்ஸ் சேவியர் பல்கலைக்கழகத்தில் கறுப்பினக் கத்தோலிக்க ஆய்வு நிறுவனம் தொடங்கியது. 1984இல் கறுப்பின ஆயர்கள் பத்துப் பேர் சேர்ந்து, தம் மக்களின் ஆன்மிகம் முழுத் திருச்சபைக்குமான கொடை என்று மடல் எழுதினார்கள். 1989 ஜூனில் அருட்சகோதரி தியா போமன் புற்றுநோயோடு சக்கர நாற்காலியில் வந்து ஆயர் பேரவையில் பேசினார், பாடினார். கறுப்பராகவும் கத்தோலிக்கராகவும் இருப்பதன் பொருள் என்னவென்று கேட்டு, தம் முழு வரலாற்றோடும் பண்பாட்டோடும் வருவதாகப் பதில் சொன்னார். 1990இல் அவர் இறந்த ஆண்டே பெனடிக்ட் சபைத் துறவி சிப்ரியன் டேவிஸின் கறுப்பினக் கத்தோலிக்கர் வரலாறு வெளிவந்து, அதுவரை இல்லாததுபோல் நடத்தப்பட்ட ஒரு மரபுக்கு ஆதாரங்களை அடுக்கியது.

துன்பத்தை எப்படிப் பேசுவது?

இந்தத் தலைமுறையின் இறையியலில் இரண்டு பெயர்கள் தவிர்க்க முடியாதவை. அமெரிக்கக் கத்தோலிக்க இறையியல் கழகத்தின் முதல் ஆப்பிரிக்க அமெரிக்கத் தலைவரான ஷான் கோப்லேண்ட் அவர்களில் ஒருவர். துன்பத்தைக் கிறிஸ்துவோடு சேர்த்து ஒப்புக்கொடு என்று சொல்லும் ஒரு பக்தி மரபு கத்தோலிக்கத்தில் ஆழமாக இருக்கிறது. நோயுற்றவருக்கு அது ஆறுதல் தரலாம். அடிமைக்கு அதையே போதித்தால் அது எஜமானுக்குச் செய்யும் சேவையாகிறது. டெலோரஸ் வில்லியம்ஸ் போன்ற புராட்டஸ்டன்ட் கறுப்பினப் பெண் இறையியலர் இதனாலேயே, பிறருக்காகத் துன்பம் சுமப்பதை மீட்பாகக் கொண்டாடும் போக்கை நிராகரித்தார்கள். கோப்லேண்ட் வேறு வழியில் போனார். 1993இல் எழுதிய ஒரு கட்டுரையில் அடிமைப் பெண்களின் தன்வரலாறுகளைப் படித்து, அவர்கள் துன்பத்தைப் புனிதமாக்கவில்லை, எதிர்த்தார்கள் என்று காட்டினார். எஜமானின் பாலியல் துன்புறுத்தலிலிருந்து தப்ப ஒரு பரணில் ஏழாண்டு ஒளிந்திருந்த ஹேரியட் ஜேக்கப்ஸ் அவர்களில் ஒருவர். நினைவு, எதிர்ப்பேச்சு, பாடல், தப்பியோட்டம் ஆகியவை அவர்களின் நம்பிக்கை அறிக்கைகள். சிலுவை அவர்களுக்கு அடங்கிப்போகும் பாடமாக இருக்கவில்லை. அடிபட்டவரோடு கடவுள் இருக்கிறார் என்பதற்கு உத்தரவாதமாக இருந்தது.

2010இல் வெளிவந்த அவரது முதன்மை நூல் கறுப்பினப் பெண்ணின் உடலிலிருந்து மானுடவியலைத் தொடங்குகிறது. மனிதர் என்றால் யார் என்று கேட்டுவிட்டு ஐரோப்பிய ஆணை மனத்தில் வைத்துப் பதில் எழுதிய மரபை அவர் கேள்விக்குள்ளாக்குகிறார். ஏலமேடையில் நிறுத்தப்பட்ட உடலை மறந்துவிட்டு மனித மாண்பைப் பற்றி எழுதினால் அது வெற்றுச் சொல். கனடிய இயேசு சபை மெய்யியலர் பெர்னார்ட் லோனர்கனின் சிந்தனையை எடுத்து, இனவாதத்தை அறிவின் குருட்டுப்புள்ளியாகவும் விளக்குகிறார். ஒரு குழு தனக்கு வசதியற்ற கேள்விகளை எழவே விடுவதில்லை. அந்த மறுப்பு தலைமுறை தலைமுறையாகப் பொது அறிவாகிவிடுகிறது. நூலின் இறுதியில் கும்பல்கொலையையும் நற்கருணையையும் அருகருகே வைக்கிறார். இயேசுவின் உடலில் பங்குகொள்வோர், பிய்த்தெறியப்பட்ட உடல்களின் பக்கம் நிற்கக் கடமைப்பட்டவர்கள் என்பது அவர் முடிவு.

மற்றவர் மில்வாக்கியைச் சேர்ந்த குருவும் அறநெறியியலருமான பிரையன் மாசிங்கேல். இனவாதம் தனிமனிதர் செய்யும் தவறுகளின் கூட்டுத்தொகை அல்ல, ஒரு பண்பாடு என்கிறார். எது அழகு, எது இயல்பு, யார் நம்மவர் என்பதை நமக்குத் தெரியாமலே தீர்மானிக்கும் அர்த்த அமைப்பு அது. ஐரோப்பிய இசையும் கலையும் மட்டுமே ‘உண்மையான’ கத்தோலிக்கம் என்ற எண்ணமும் அதன் பகுதிதான். ஆகவே ‘நான் யாரையும் வெறுக்கவில்லை’ என்பது பதிலாகாது. அவர் முன்வைக்கும் வழி விவிலியத்தின் புலம்பலிலிருந்து தொடங்குகிறது. பாதிக்கப்பட்டவர் வலியை உரக்கச் சொல்லவும், பயன்பெற்றவர் தம் பங்கை உணர்ந்து அழவும் புலம்பல் இடம் தருகிறது. அறிவுரையால் அசையாத மனம் அதில் அசையும் என்பது அவர் நம்பிக்கை.

இங்கே ஒரு நியாயமான விவாதம் இருக்கிறது. பாவம் என்பது சுதந்திரமான ஒருவரின் செயல் என்பது கத்தோலிக்க அறவியலின் அடித்தளம். அமைப்பு எப்படிப் பாவம் செய்யும்? இரண்டாம் ஜான் பால் 1984, 1987 ஆவணங்களில் பாவத்தின் அமைப்புகளைப் பற்றிப் பேசினார். அவை இறுதியில் தனிமனிதப் பாவங்களில் வேரூன்றியவை என்றும் வலியுறுத்தினார். பொறுப்பு காற்றில் கரைந்துவிடக் கூடாது என்ற அந்தக் கவலை சரியானதே. ஆனால் எவரும் தீய எண்ணம் கொள்ளாமலே ஒரு பங்கு, ஒரு பள்ளி, ஒரு குருமடம் தலைமுறைகளாக ஓர் இனத்தை வெளியே நிறுத்த முடியும் என்பதை இந்த விளக்கம் முழுதாகத் தொடவில்லை. கேட்டி கிரைம்ஸ் போன்ற இளைய இறையியலர் இனவாதத்தைத் திருச்சபையின் கூட்டுத் தீப்பழக்கம் என்கிறார்கள். தீப்பழக்கம் திரும்பத் திரும்பச் செய்வதால் உடலில் ஊறுவது. மாற்றுப் பழக்கத்தால்தான் போகும். மனமாற்றம் பேசும் மடல்கள் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை.

அமெரிக்க ஆயர்களின் மடல்கள் 1958, 1968, 1979, 2018 என்று வந்தன. 1979இன் மடல் இனவாதத்தைப் பாவம் என்றும் சமூக அமைப்புகளில் பதிந்தது என்றும் தெளிவாகச் சொன்னது. 39 ஆண்டுகள் கழித்து வந்த 2018இன் மடல் திருச்சபையின் சொந்தப் பங்கை ஒப்புக்கொண்டது. ஆனால் இனப்பாகுபாட்டால் யார் பயன்பெறுகிறார்கள் என்பதை நேராகப் பேசவில்லை என்ற விமர்சனம் எழுந்தது. கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்ட பின் 2020 ஜூனில் திருத்தந்தை பிரான்சிஸ், மனித உயிரின் புனிதத்தைப் பேசிக்கொண்டே இனவெறிக்குக் கண்மூடியிருக்க முடியாது என்றார். கருக்கலைப்பு எதிர்ப்பையே உயிர்காப்பாகக் கருதிய பல கத்தோலிக்கருக்கு அது நேரடியான அறைகூவல்.

நம் மண்ணின் கண்ணாடி

தமிழ்க் கத்தோலிக்கர் இதை வேற்றுநாட்டுக் கதையாகப் படிக்க முடியாது. 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் துர்னோன், நோயுற்ற பறையர்களின் வீட்டுக்கே சென்று குருக்கள் திருவருட்சாதனம் வழங்க வேண்டும் என்று ஆணையிட நேர்ந்தது. சாதிவழக்கத்துக்கு அஞ்சி அப்படிச் செல்லாதிருந்தார்கள். வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்த சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நின்றது. அது இடிக்கப்பட்டபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. இனமும் சாதியும் ஒன்றல்ல. தோன்றிய விதமும் இயங்கும் விதமும் வேறு. ஆனால் இறையியலுக்கு அவை வைக்கும் கேள்வி ஒன்றே: திருமுழுக்குத் தொட்டியில் ஒன்றானவர்கள் கல்லறையில் ஏன் பிரிகிறார்கள்? 1980களில் அரவிந்த் நிர்மல் முதலியோர் தலித் இறையியலை உருவாக்கியபோது கறுப்பின இறையியல் ஒரு துணையாக இருந்தது. 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்க்கான கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் நிலவும் பாகுபாட்டை ஒப்புக்கொண்டது. 2022இல் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். அமெரிக்காவின் முதல் கறுப்பினக் கர்தினால் வில்டன் கிரகோரி பதவியேற்றது 2020இல். இரண்டு நாடுகளிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே அளவு தாமதமாக.

செலுத்த வேண்டியவை

அண்மைக் காலத்தில் சில நகர்வுகள் உண்மையானவை. 2017இல் இயேசு சபையும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களிடம் மன்னிப்புக் கேட்டன. 2021இல் இயேசு சபை அவ்வழித்தோன்றல்களோடு சேர்ந்து அமைத்த நிதிக்கு 10 கோடி டாலர் திரட்டுவதாக உறுதியளித்தது. 2023 மார்ச்சில் வத்திக்கான், பதினைந்தாம் நூற்றாண்டு ஆணைகளின்மேல் கட்டப்பட்ட, கிறிஸ்தவர் அல்லாதோரின் நிலம் அதைக் கண்டடைந்த ஐரோப்பியருக்கே உரியது என்ற ‘கண்டுபிடிப்புக் கோட்பாட்டை’ மறுதலித்தது. லாங்கே, டெலில், டோல்ட்டன் மூவரும் வணக்கத்திற்குரியவர்களாக அறிவிக்கப்பட்டிருக்கிறார்கள்.

ஒப்புரவு அருட்சாதனத்தின் இலக்கணம் எல்லாக் கத்தோலிக்கருக்கும் தெரியும்: மனம் வருந்துதல், அறிக்கையிடல், ஈடுசெய்தல். திருடியவர் மன்னிப்பு மட்டும் கேட்டால் போதாது, திருடியதைத் திருப்பித் தர வேண்டும் என்று சிறுவர்க்கும் மறைக்கல்வியில் சொல்லித்தருகிறோம். இனவெறி விஷயத்தில் திருச்சபை முதல் இரண்டு படிகளை ஓரளவு ஏறியிருக்கிறது; மூன்றாவதில் தயங்கி நிற்கிறது. ஹாக்காவும் மோயிரான்ஸும் 340 ஆண்டுகளுக்கு முன்பே உழைத்த கூலியைக் கொடுங்கள் என்று சொன்னதால், ஈடுசெய்தலை நவீன அரசியலிலிருந்து இறக்குமதியான கோரிக்கை என்று ஒதுக்கவும் முடியாது.

ஈடு என்பது பணத்தோடு முடிவதல்ல. பறிக்கப்பட்டவற்றில் போதிக்கும் அதிகாரமும் ஒன்று. கறுப்பின இறையியல் இன்னும் பல குருமடங்களில் விருப்பப் பாடம். அக்வினாசும் ராஹ்னரும் கட்டாயப் பாடம். கோப்லேண்டையும் மாசிங்கேலையும் ‘இனப்பிரச்சினை’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வாரம் படித்துவிட்டு மனித மாண்பு, திருச்சபை, நற்கருணை ஆகிய பாடங்களுக்குப் பழைய நூல்களையே திறந்தால் பழைய பிழை தொடர்கிறது என்று பொருள். அவர்கள் எழுதியிருப்பது கறுப்பினத்தவரைப் பற்றிய துணைப்பாடம் அல்ல. கடவுள், மனிதர், மீட்பு பற்றிய கத்தோலிக்க இறையியல். அதைப் பொதுப்பாடமாக்கி, அதை எழுதும் சமூகங்களிலிருந்து பேராசிரியர்களையும் ஆயர்களையும் அமர்த்தி, அவர்கள் சொல்வதற்கேற்ப வழிபாட்டையும் நிதியையும் நிர்வாகத்தையும் மாற்றும் மறைமாவட்டமே மனம் திரும்பிய மறைமாவட்டம். அதுவரை வெளிவரும் மடல்கள் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் 1686இன் தீர்ப்போடு சேர்ந்து ஆவணக் காப்பகத்தில்தான் கிடக்கும்.